அக்கரையில் புகை இல்லை

2019ஆம் ஆண்டு மே மாதத்து மாலையொன்று. களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில், ஒரு தேத்தண்ணிக் கடையில் நாம் அமர்ந்திருந்தோம். ஈஸ்டர் ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் சிந்திய இரத்தம் மக்கள் மனத்தில் உலராத நாட்கள் அவை. ஓர் இளைஞன் கைத்தொலைபேசியை நீட்டினான். தீப்பற்றி எரியும் கடைகளின் படம் அதில் இருந்தது. வத்தளைப் பக்கம் எரிகின்றது என்பது செய்தி. ஒரு நொடியில் கடையிலிருந்த அத்தனை பேரும் தத்தம் தொலைபேசிகளின்மீது குனிந்துவிட்டனர். ஒருவருக்கு மூன்று குழுக்களிலிருந்தும், மற்றொருவருக்கு ஐந்து குழுக்களிலிருந்தும் அதே படம் வந்திருந்தது. இத்தனை பேர் சொல்வது பொய்யாகுமா?

துறைமுகத்தில் மூட்டை சுமந்து முதுகு வளைந்த முதியவர் ஒருவர் மட்டும் எழுந்து வாசலுக்குப் போனார். கண்மேல் கையை வைத்து ஆற்றுக்கு அப்பால் பார்த்தார்.

“எங்க தம்பி பத்துது? அந்தாத் தெரியிறது வத்தளதானே. புகையே இல்லியே?”

“படத்துல இருக்கே, ஐயா!” என்றான் இளைஞன்.

இந்தச் சிறு உரையாடலை நாம் பல ஆண்டுகளாக மறக்கவில்லை. கண்ணெதிரே கிடக்கும் அக்கரையை விடக் கையிலிருக்கும் படம் உண்மையானதாகத் தோன்றும் நிலைமை எவ்வாறு ஏற்பட்டது? தனித்தனியே பார்த்தால் நல்லவர்களாகவும் நிதானமானவர்களாகவும் உள்ள மனிதர்கள், குழுவாகச் சேர்ந்ததும் எதனால் மாறுகின்றனர்? சமூக வலைத்தளங்கள் எனப்படும் புதிய சந்தையில் இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்கின்றது? இவ்வினாக்களை ஆராயவே இக்கட்டுரை முற்படுகின்றது.

இவ்விடயத்தில் இரு சாராரின் குரல்களை நாம் கேட்கின்றோம். ‘முகநூலே நாட்டைக் கெடுத்தது, அதனை மூடிவிட்டால் அமைதி திரும்பும்’ என்பர் ஒரு சாரார். ‘முகநூலே எமக்குச் சுதந்திரம் தந்தது, அது இன்றேல் மக்கள் எழுச்சியே இல்லை’ என்பர் மற்றொரு சாரார். இரு கூற்றுகளிலும் பாதி உண்மை உண்டு. பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு முழு உண்மையை மறைப்பது எவருக்கு இலாபம் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

முதலில் வரலாற்றைப் புரட்டுவோம். வதந்தி வலைத்தளத்துடன் பிறந்ததன்று. முகத்துவாரத்துக்கு அடுத்த கொட்டாஞ்சேனையிலேயே அதற்குச் சான்று உண்டு. 1883ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் திகதி, அதுவும் ஓர் ஈஸ்டர் ஞாயிறு, மீகெட்டுவத்தே குணானந்த தேரரின் தீபதுத்தாராம விகாரையை நோக்கி ஒரு பௌத்த ஊர்வலம் வந்தது. மரியன்னையை இழிவுபடுத்தும் உருவங்கள் அதில் கொண்டுவரப்படுகின்றன என்ற பேச்சு கத்தோலிக்கரிடையே பரவிற்று. ஆலய மணிகள் ஒலித்தன. நெற்றியிலும் உடலிலும் வெள்ளைச் சிலுவைக் குறியிட்ட கூட்டம் ஊர்வலத்தின்மீது பாய்ந்தது. பலர் காயமுற்றனர், ஓர் உயிரும் போயிற்று. அன்று வதந்தியை ஏந்திச் சென்ற வாகனம் ஆலய மணி.

1915இல் கண்டியில் மூண்ட முஸ்லிம் விரோதக் கலவரம் ரயில் பாதையோடு ஊர் ஊராக இறங்கி வந்தது. 1958இல், பாணந்துறையைச் சேர்ந்த சிங்கள ஆசிரியை ஒருவர் மட்டக்களப்பில் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார் என்ற கதை கிளம்பிற்று. பாணந்துறையில் இந்துக் கோயிலின் குருக்கள் உயிரோடு எரிக்கப்பட்டார். பின்னர் விசாரித்தபோது, அப்படியோர் ஆசிரியை மட்டக்களப்பில் பணியாற்றவே இல்லையென்று தெரியவந்தது. இச்செய்தியைப் பதிவு செய்த தார்சி வித்தாச்சியின் நூல் அன்று இலங்கையில் தடை செய்யப்பட்டது. 1983 ஜூலை 29ஆம் திகதி, புலிகள் கொழும்பினுள் புகுந்துவிட்டனர் என்ற ஒரே சொல், சற்றே தணியத் தொடங்கியிருந்த நெருப்பை மீண்டும் மூட்டிற்று. அன்று எவர் கையிலும் கைத்தொலைபேசி இல்லை.

எனினும் 1983இன் கதையை வதந்தியோடு முடித்துவிடலாகாது. தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கைகளில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன. பட்டியல் வதந்தியிலிருந்து வருவதில்லை. அது அலுவலகத்திலிருந்து வருவது. கூட்டத்தின் வெறி தானாக எழுந்தது போலத் தோன்றும். சற்று உற்று நோக்கினால் அதன் பின்னே பட்டியல் தயாரித்தவனும் வாகனம் கொடுத்தவனும் பார்த்துக்கொண்டு நின்ற பொலிஸ்காரனும் தென்படுவர். வலைத்தளத்தின்மீது மட்டும் பழியைச் சுமத்துவோர், இவர்கள் அனைவரையும் பின்வாசல் வழியாக வெளியே அனுப்பிவிடுகின்றனர். ‘முகநூல்தான் குற்றவாளி’ என்ற கூக்குரலை அரசியல்வாதிகள் விரும்புவதன் இரகசியம் இதுதான்.

அப்படியானால் புதிதாக நேர்ந்ததுதான் என்ன? ஒன்று நேர்ந்துள்ளது; அது மிகப் பெரிது. ஆலய மணிக்கு வதந்தியினால் வருமானமில்லை. ரயிலில் உண்மையைச் சொல்பவன் ஏறினாலும் பொய்யைச் சொல்பவன் ஏறினாலும் பயணச்சீட்டின் விலை ஒன்றே. இவனுக்கு முதலாம் வகுப்பு, அவனுக்கு இடமில்லை என்று ரயில் தீர்மானிப்பதில்லை. இன்றைய வாகனமோ பயணியைத் தெரிவு செய்கின்றது. எந்தச் செய்தி மனிதரை நெடுநேரம் திரையில் நிறுத்தி வைக்குமோ, எது கோபத்தோடு மறுமொழி எழுதத் தூண்டுமோ, எது மற்றவர்க்குக் கடத்த வைக்குமோ, அதனை முன்வரிசையில் ஏற்றுகின்றது. ஏனெனில் இந்நிறுவனங்களின் வருமானத்தில் மிகப் பெரும் பகுதி விளம்பரத்திலிருந்து வருகின்றது. விளம்பரக்காரனுக்கு விற்கப்படும் பண்டம் எமது கவனமே. நிலத்தையும் உழைப்பையும் பண்டமாக்கிய மூலதனம், இப்பொழுது மனிதனின் ஆத்திரத்தையும் பண்டமாக்கியுள்ளது.

இது வெறும் மேடைப் பேச்சன்று. 2018 ஜனவரியில் முகநூல் தனது வரிசைப்படுத்தும் முறையை மாற்றியது. நண்பர்களும் உறவினர்களும் கருத்துரைத்துப் பகிர்ந்துகொள்ளும் பதிவுகளுக்கு முதலிடம் கொடுப்பதே அதன் நோக்கம் என்று அறிவிக்கப்பட்டது. கேட்பதற்கு எவ்வளவு இனிமையான நோக்கம்! ஆனால் அம்முறை சினத்தைக் கிளறும் பதிவுகளுக்கே அதிக இடம் தந்தது என்பதை நிறுவனத்தின் சொந்த ஆய்வாளர்களே எழுதி வைத்திருந்தனர். அங்கு பணியாற்றிய பிரான்சிஸ் ஹோகன் 2021இல் வெளியிட்ட உள்ளக ஆவணங்கள் இதனை உலகறியச் செய்தன.

எமது நாட்டிலே என்ன நடந்தது? 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவுக்கடையில் கறியினுள் ஏதோ ஒரு கட்டி கண்டெடுக்கப்பட்டது. சிங்களவரை மலடாக்கும் மாத்திரை அது என்றனர். சுற்றி நின்ற கூட்டத்தின் நடுவே, சிங்களம் சரிவரத் தெரியாத கடைக்காரர் அச்சத்தோடு கூறிய சில சொற்கள் படம் பிடிக்கப்பட்டு, ஒப்புதல் வாக்குமூலமாக நாடெங்கும் சென்றன. உணவில் கலந்து மலடாக்கும் அத்தகைய மாத்திரை மருத்துவத்தில் இல்லை. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் சோதித்தபோது அது வெறும் மாக்கட்டி எனத் தெரிந்தது. ஆனால் மாக்கட்டியின் உண்மை வெளிவருமுன்னர் பள்ளிவாசல் உடைந்துவிட்டது.

அடுத்த வாரத்திலே கண்டி மாவட்டத்துத் திகன எரிந்தது. தெல்தெனியவில் முஸ்லிம் இளைஞர் சிலரால் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் மருத்துவமனையில் இறந்தார். அது நீதிமன்றம் தீர்க்க வேண்டிய ஒரு குற்றம். அதனை ஓர் இனத்தின் குற்றமாக மாற்றும் வேலையை மேடைகளும் வலைத்தளங்களும் சேர்ந்து செய்தன. வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. எரிந்த வீட்டினுள் ஓர் இளைஞர் மாண்டார். மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை. மறுநாள் வலைத்தளங்களுக்குத் தடை.

அதற்கு முன்னரே, வெறுப்பைக் கக்கும் சிங்களப் பதிவுகளைச் சுட்டிக்காட்டிப் பலர் முகநூலுக்கு முறையிட்டிருந்தனர். கொலைக்கு அழைப்பு விடுக்கும் வாசகங்கள்கூட ‘எமது விதிகளை மீறவில்லை’ என்ற பதிலைப் பெற்றன. 2018 ஏப்ரலில் இலங்கைக் குடிமக்கள் அமைப்புகள் நிறுவனத்தின் தலைவருக்கு எழுதிய பகிரங்கக் கடிதம் இதனைச் சான்றுகளோடு எடுத்துரைத்தது. இந்நாட்டின் இலட்சக்கணக்கான மக்களை வாடிக்கையாளராகச் சேர்த்துக்கொண்ட நிறுவனம், அவர்தம் மொழியை வாசிக்கப் போதிய ஆட்களை அமர்த்தவில்லை! தோட்டத் துரைக்குத் தொழிலாளியின் கை வேண்டும். அவன் பேசும் மொழி வேண்டியதில்லை. பழைய காலனி ஆட்சியின் இந்த நியதி புதிய உடையில் திரும்பி வந்ததை நாம் கண்டோம். 2020 மே மாதத்தில், வெளியார் நடத்திய மனித உரிமை மதிப்பீட்டின் பின்னர், முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடைகளுக்கு அம்மன்னிப்பு இரண்டு ஆண்டுகள் பிந்தி வந்தது.

மொழி தெரியாமையின் கொடுமை அத்துடன் நிற்கவில்லை. 2019 மே மாதத்தில் சிலாபத்தில் ஒரு முஸ்லிம் வணிகர், தம்மோடு வாதாடியவருக்கு, அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழ நேரும் என்ற கருத்தில் கொச்சை ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அவ்வரி மற்றொரு குண்டுவெடிப்பின் முன்னறிவித்தலாக வாசிக்கப்பட்டது. கூட்டம் திரண்டது, ஊரடங்கு வந்தது. மறுநாள் குளியாப்பிட்டி, மினுவாங்கொடை எனக் கலவரம் பரவி, கடைகளும் பள்ளிவாசல்களும் சிதைந்தன. ஓர் உயிரும் பறிபோயிற்று. எழுதியவனுக்கும் வாசித்தவனுக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம். அயலவனின் மொழியை இருவரும் அறியாதிருந்தனர்.

இங்கே நாம் எம்மையும் உரைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டிலிருந்து ரொறொன்ரோ வரை நீளும் குடும்பக் குழுக்களிலும் பழைய மாணவர் குழுக்களிலும் நாமும் உறுப்பினரே. 1983இல் வதந்தியின் இரையாயிருந்த தமிழர், 2019இல் முஸ்லிம் கடைகளைப் பற்றிய வதந்திகளை ஏன் கடத்தினர்? பெரியப்பா அனுப்பியதை மறுப்பது மரியாதையன்று என்ற எண்ணம். ஆசிரியர் ஒருவர் அனுப்பியதால் உண்மையாயிருக்கும் என்ற நம்பிக்கை. மௌனமாயிருப்பவர் அனைவரும் ஒப்புக்கொண்டனர் என்ற மயக்கம். குழு மனப்பான்மை என்பது வேறெதுவுமன்று: ஒவ்வொருவரும் மற்றவரின் மௌனத்தைச் சம்மதமாகக் கணக்கிடுதலே. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கி அழைத்த நாளிலும் இத்தகைய மௌனம் எம்மிடையே இருந்தது. அந்த மௌனத்துக்கு எந்த நிறுவனத்தின் கணக்கு முறையும் பொறுப்பாளியன்று.

இன வேற்றுமை இல்லாத இடத்திலும் இந்நோய் கொல்லும். 2018 மே மாதத்தில், தமிழ்நாட்டில் போளூருக்கு அருகே, குலதெய்வ வழிபாட்டுக்காகக் குடும்பத்தோடு வந்த 65 வயது மூதாட்டி ஒருவர் வழியிலே கண்ட குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். பிள்ளை பிடிப்போர் நடமாடுகின்றனர் என்ற வாட்ஸ்அப் வதந்தியில் ஊறிப்போயிருந்த கூட்டம் அவரை அடித்தே கொன்றது. கொன்றவரும் தமிழர்; கொல்லப்பட்டவரும் தமிழர். அந்நியர்மீது ஏற்படும் அச்சத்துக்கு ஓர் அந்நியர் வேண்டும். கிடைக்காவிடில் கூட்டம் ஒருவரை உண்டாக்கிக்கொள்ளும்.

அந்த ஆண்டில் இந்தியாவில் இத்தகைய கொலைகள் பெருகியதன் பின்னர்தான், ஒரு செய்தியை ஒரே தடவையில் 5 உரையாடல்களுக்கு மேல் கடத்த முடியாதென வாட்ஸ்அப் அங்கு வரையறுத்தது. 2019இல் அதனை உலகெங்கும் விரிவுபடுத்திற்று. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவையில் ஓர் உரையாடலுக்கே கடத்தலாம் என்றாக்கியது; அத்தகைய செய்திகள் நூற்றுக்கு 70 அளவில் குறைந்தன என்று அந்நிறுவனமே கூறிற்று. இதிலிருந்து நாம் கற்கும் பாடம் யாது? இயந்திரத்தின் வேகம் இயற்கை நியதியன்று. அதனைக் கூட்டவும் குறைக்கவும் மனிதர் கையில் விசை இருக்கின்றது. அவ்விசை எவர் கையில் உள்ளது, எவர் நலத்துக்காகத் திருகப்படுகின்றது என்பதே கேள்வி.

இனி இரண்டாவது சாராரிடம் வருவோம். 2022ஆம் ஆண்டின் எழுச்சியை எவர் மறுப்பார்? எரிவாயுவும் எரிபொருளும் பால்மாவும் இன்றி மக்கள் வரிசையில் வாடினர். மார்ச் 31ஆம் திகதி மிரிஹானையில் ஜனாதிபதியின் இல்லத்தருகே கூட்டம் திரண்டது. ஏப்ரல் 3ஆம் திகதி அரசு வலைத்தளங்களை முடக்கிற்று. அன்றைய தினமே தடையை நீக்கவும் நேர்ந்தது. ஏப்ரல் 9 முதல் காலிமுகத்திடலில் மக்கள் குடியேறினர். ஜூலை 14ஆம் திகதி கோட்டாபய ராஜபக்ச பதவி துறந்தார். இந்த அழைப்பு தொலைபேசித் திரை வழியாகச் சென்றதென்பது உண்மையே.

ஆனால் அழைப்பு வேறு, ஒன்றுபடல் வேறு. திடலிலே என்ன நடந்தது என்பதை எண்ணிப் பார்ப்போம். அங்கு நூலகம் அமைத்தனர். சமையற் கூடம் அமைத்தனர். மே 18ஆம் திகதி, முள்ளிவாய்க்காலில் மாண்டோரை நினைந்து கஞ்சி பகிரப்பட்டது. சிங்கள இளைஞர்கள் அதனைக் கையேந்திப் பருகினர். முகநூலில் பல ஆண்டுகள் வாதாடியும் நிகழாதது, ஒரு சிரட்டைக் கஞ்சியைப் பக்கத்தில் நின்று குடித்தபோது நிகழ்ந்தது. மனிதரை மாற்றியது மனிதரின் அருகாமை. திரை அவர்களைத் திடலுக்கு அழைத்து வந்தது. அதற்கு மேல் அதனால் இயலவில்லை.

வேகமாகக் கூடியது வேகமாகக் கலைந்தது என்பதையும் நாம் மறைக்கலாகாது. 1953 ஆகஸ்ட் 12ஆம் திகதியின் ஹர்த்தாலை நினைவுகூர்வோம். அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, இடதுசாரிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் நாட்டை ஸ்தம்பிக்கச் செய்தன. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் மந்திரிசபை கூடிற்று; ஒக்டோபரில் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அந்த ஒரு நாளின் பின்னே தொழிற்சாலை வாசல்களில் பல ஆண்டுகள் பேசிய பேச்சும், அச்சிட்டுக் கையால் கொடுத்த துண்டுப் பிரசுரமும், ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிந்த சங்கக் கிளைகளும் இருந்தன. ஹர்த்தாலும் ஆட்சியைத் தொழிலாளர் கையில் ஒப்படைக்கவில்லை என்பது மெய்யே. ஆயினும் மறுநாள் காலையில் அத்தொழிலாளிக்குத் திரும்பிச் செல்ல ஒரு சங்கம் இருந்தது. 2022 ஜூலைக்குப் பின்னர் திடலிலிருந்து வீடு திரும்பிய இளைஞர் பலருக்கு மீண்டும் கிடைத்தது ஒரு திரையே.

அரசு கற்றுக்கொண்ட பாடமோ வேறு. 2019 ஈஸ்டர் ஞாயிறன்று 250க்கும் மேற்பட்டோர் மாண்டபோது அது முதலிற் செய்த காரியங்களுள் ஒன்று வலைத்தளங்களை மூடியது. ஆனால் தாக்குதல் பற்றிய புலனாய்வு எச்சரிக்கை நாட்கள் பலவற்றுக்கு முன்னரே அரசின் மேசைக்கு வந்திருந்தது. அதன்மீது நடவடிக்கை எடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன உள்ளிட்டோர் இழப்பீடு செலுத்த வேண்டுமென 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செய்தியைக் கையில் வைத்திருந்தவர்கள் உறங்கினர். செய்தியைத் தேடிய மக்களின் கதவு அடைக்கப்பட்டது!

2024 ஜனவரியில் பாராளுமன்றம் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. எது பொய்க் கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவிடம் அது கொடுத்தது. சட்டங்கள் எமது நாட்டில் எவர்மீது பாயும் என்பதை அறிய நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2019 ஏப்ரலில் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார, முகநூலில் வெளியிட்ட ஒரு சிறுகதைக்காகக் கைதாகி நான்கு மாதங்கள் சிறையிருந்தார். வெறுப்பைத் தடுக்கவென வந்த 2007ஆம் ஆண்டுச் சட்டமே அவர்மீது பாய்ந்தது. தமிழில் எழுதிய இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம், ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுதியின் பொருட்டு 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். 2023இல் விடுதலையாகும்வரை வழக்கைச் சுமந்தார். கும்பலை நோக்கி எழுதப்பட்ட சட்டம் கவிஞன் வீட்டுக் கதவைத் தட்டுகின்றது. ஆகவேதான் நாம் கூறுகின்றோம்: சட்டம் பேச்சின்மீதன்று, வாணிபத்தின்மீது பாய வேண்டும். எந்தச் செய்தியை எதனால் முன்னிறுத்துகின்றீர் என்ற கணக்கைத் திறந்து காட்டச் செய்யட்டும். சிங்களமும் தமிழும் அறிந்தோரைப் போதிய அளவில் அமர்த்தக் கட்டாயப்படுத்தட்டும். கடத்தலின் வேகத்தைக் குறைக்கும் விசையைப் பொதுமக்கள் பார்வைக்குக் கொண்டுவரட்டும்.

சட்டம் வரும்வரை கைகட்டி நிற்பதா? ஆசிரியர்களே, மாணவர்களே, எமக்கும் வேலை இருக்கின்றது. எமது வகுப்பறைகளில் பாட்டுக்குப் பொழிப்புச் சொல்லக் கற்பிக்கின்றோம். யார் கூற்று, யாரிடம் கூறியது, எச்சந்தர்ப்பத்தில் என்று பரீட்சையில் கேட்கின்றோம். ஒரு செய்தியைக் கண்டதும் இதே மூன்று கேள்விகளைக் கேட்க ஏன் கற்பிக்கவில்லை? தமிழ் மாணவன் சிங்களப் பத்திரிகையையும் சிங்கள மாணவன் தமிழ்ப் பத்திரிகையையும் எழுத்துக்கூட்டியாவது வாசிக்கும் நிலை வந்தால், அம்பாறையும் சிலாபமும் அத்தனை எளிதில் நிகழா. குடும்பக் குழுவில் பெரியப்பாவுக்கு மரியாதையோடு மறுமொழி எழுதும் ஒரே ஒரு பெறாமகள், பத்துப் பேரின் மௌனத்தை உடைப்பாள். சங்கங்களும் வாசிகசாலைகளும் மீண்டும் உயிர்பெற வேண்டும். அவை பழமைமீது கொண்ட ஏக்கத்தினால் நாம் வேண்டுவன அல்ல. மனிதர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாதாடும் இடங்கள் அவையே என்பதனாலேயே வேண்டுகின்றோம்.

அன்று முகத்துவாரத்துத் தேத்தண்ணிக் கடையில், முதியவரின் சொல்லைக் கேட்ட இளைஞன் முதலிற் சிரித்தான். பின்னர் எழுந்து வாசலுக்கு வந்தான். அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தனர். கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்த சூரியனின் ஒளியில் அக்கரைத் தென்னைகள் தெளிவாகத் தெரிந்தன. எங்கும் புகை இல்லை. இளைஞன் தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அந்தப் படத்தை அவன் எத்தனை பேருக்கு ஏற்கெனவே அனுப்பியிருந்தான் என்று முதியவர் கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை. மீண்டும் தொலைபேசியை எடுத்து, ஒவ்வொருவருக்காக, அது பொய்யென்று எழுதத் தொடங்கினான்.